பழைய ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கும்போது பணத்தை விடும் இடங்கள்

லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை பார்ப்பது, பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்ப்பது, பின்கதவின் ஸ்பாஞ்ச் பிசுபிசுத்துப் போயிருந்தால் மாற்றிக்கொள்வது: இவையெல்லாம் வாங்கப் போகும் யாருக்கும் தெரிந்தவைதான், ஸ்பாஞ்சும் மலிவு. யாஷிகா எலெக்ட்ரோ 35, கேனொனெட், ஃபெட், ஜோர்க்கி என்று பழைய ரேஞ்ச்ஃபைண்டர்களை (ஃபைண்டரில் இரண்டு உருவங்களை ஒன்றாகப் பொருத்தி ஃபோகஸ் செய்யும் ஃபிலிம் கேமராக்களை) தேடிப் போகிற புதியவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடங்களில். அதுவும் ஒருவர் மாட்டிய அதே இடத்தில்தான் அடுத்தவரும்.

பேட்டரி இல்லாமல் ‘கிளிக்’ கேட்டுவிட்டு வாங்குவது

யாஷிகா எலெக்ட்ரோ 35 பேட்டரி இல்லாமலும் ‘கிளிக்’ என்று அடிக்கும். ஆனால் அப்போது கிடைப்பது நொடியில் 500-ல் ஒரு பங்கு என்ற ஒரே வேகம்தான். “பேட்டரிதான் இல்லை, மற்றபடி பக்கா” என்று விற்பவர் சொன்னால், உங்கள் பையிலிருந்து பேட்டரியை எடுங்கள். இதன் பழைய 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது கிடைக்காது. 6 வோல்ட் 4எல்ஆர்44 போதும். அது குட்டை என்பதால் இடைவெளிக்கு ஒரு ஸ்ப்ரிங்கோ, சுருட்டிய அலுமினியத் தாளோ வேண்டும்.

அபெர்ச்சரை (லென்ஸின் திறப்பளவை) 16-ல் வைத்து, முன்பக்க ஒளிக்கண்ணை விரலால் மூடி பட்டனை லேசாக அழுத்தினால் மஞ்சள் விளக்கு வர வேண்டும். முழுதாக அழுத்தினால் ஷட்டர் திறந்தபடியே சில நொடிகளாவது நிற்க வேண்டும். அபெர்ச்சரை 1.7-க்குத் திருப்பி, ஏஎஸ்ஏ எனும் ஃபிலிம் வேக எண்ணை அதிகபட்சத்தில் வைத்து வெயிலைக் காட்டினால் சிவப்பு வர வேண்டும். அதோடு, ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளும்போது உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுங்கள். கேட்கவில்லையென்றால் உள்ளே ஒரு சிறிய ரப்பர் பட்டை கரைந்துபோயிருக்கிறது, எக்ஸ்போஷர் தாறுமாறாக வரும். ரப்பர் ஒன்றும் பெரிய விலையில்லை. கேமராவைப் பிரித்துச் சேர்ப்பதற்குத்தான் கூலி.

இரண்டு உருவமும் ஒன்றாகிவிட்டது, ஃபோகஸ் சரி என்று நம்புவது

அதிகக் காசைத் தின்பது இதுதான். விற்பவர் கேமராவை எதிர்க்கட்டடத்தை நோக்கித் திருப்பச் சொல்வார். நடுவிலுள்ள மஞ்சள் கட்டத்தில் இரண்டு உருவமும் பொருந்தும். “பாருங்க, பர்ஃபெக்ட்” என்பார். பணம் கைமாறிவிடும்.

முதல் ரோலை வெயிலில், எஃப் 8 என்ற சிறிய திறப்பில் எடுப்பார்கள். எல்லாம் கூர்மையாக வரும். அடுத்த ரோலில், வீட்டுக்குள், ஜன்னலோரம், எஃப் 1.7 என்ற முழுத் திறப்பில், ஒரு மீட்டரில் முகம் எடுப்பார்கள். கண் மசமசவென்றும் காது கத்தி போலவும் வரும். முதலில் ஃபிலிமைத் திட்டுவார்கள், பிறகு லேபை, கடைசியில் தங்கள் கையை. கேமராவைச் சந்தேகிப்பதற்குள் நாலைந்து ரோல் போயிருக்கும்.

காரணம் எளிது. ரேஞ்ச்ஃபைண்டர் ஒரு தூரமானி, அவ்வளவுதான். எஸ்எல்ஆர் போல லென்ஸ் வழியாக அது பார்ப்பதில்லை. ஃபிலிம் மேல் உருவம் எங்கே விழுகிறது என்பது அதற்குத் தெரியாது. 45 மிமீ லென்ஸை எஃப் 1.7-ல் திறந்து ஒரு மீட்டரில் எடுத்தால், கூர்மையாக இருக்கும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்துச் சுமார் 5 சென்டிமீட்டர். லென்ஸ் தன் இடத்திலிருந்து வெறும் 0.1 மிமீ நகர்ந்திருந்தாலே ஃபோகஸ் 4, 5 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். எஃப் 8-ல் இந்தத் தவறு வெளியே தெரியாது.

லென்ஸ் எப்படி நகரும்? பெரும்பாலும் ‘சர்வீஸ் செய்தது’ என்று விற்கப்படும் கேமராக்களில்தான். பூஞ்சை துடைக்க லென்ஸைக் கழற்றுகிறார்கள். ஃபோகஸ் மரையில் நுழைவாய்கள் பல உண்டு, தவறான ஒன்றில் ஏற்றிவிடுகிறார்கள். அல்லது தாள் கனத்தில் இருக்கும் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் வளையம்) ஒன்று மேஜையிலேயே தங்கிவிடுகிறது. ஃபெட், ஜோர்க்கியில் லென்ஸ் மவுன்ட்டின் அடியில் இருக்கும் ஷிம் காகிதமேதான். கிழிந்தால் கிழிந்ததுதான்.

சோதிக்க வழி உண்டு. பழைய சிடி உறையிலிருந்து 34 மிமீ அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஒரு பக்கத்தை நைசான உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்குங்கள். கேமராவின் பின்கதவைத் திறந்தால் ஜன்னலுக்கு மேலும் கீழும் இரண்டிரண்டு தண்டவாளங்கள் தெரியும். ஃபிலிம் உட்காருவது உள்ஜோடியில். துண்டும் அதன்மேல்தான் உட்கார வேண்டும், தேய்த்த பக்கம் லென்ஸை நோக்கி. வெளிஜோடி சற்று உயரம். அதன்மேல் டேப் ஒட்டிப் பார்த்துவிட்டு நல்ல கேமராவை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

ஷட்டரை ‘பி’-யில் (அழுத்தும்வரை திறந்திருக்கும் நிலையில்) வைத்து, பூட்டக்கூடிய கேபிள் ரிலீஸால் திறந்தே வைத்து, அபெர்ச்சரை முழுக்கத் திறக்கவும். ஃபிலிம் தளத்திலிருந்து அளவு நாடாவால் அளந்து சரியாக ஒரு மீட்டரில் செய்தித்தாளை நிறுத்தவும். அளவு ஃபிலிம் தளத்திலிருந்துதான், லென்ஸ் நுனியிலிருந்து அல்ல. ஃபைண்டரில் உருவங்களைப் பொருத்திவிட்டு, பின்னால் துண்டின்மேல் லூப் (சிறிய உருப்பெருக்கி) வைத்து எழுத்தைப் பாருங்கள். பிறகு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள செல்போன் டவரில் அதையே செய்யுங்கள்.

லென்ஸ் வளையத்தில் 1 மீட்டர் வைத்தால் தேய்த்த துண்டில் எழுத்து கூர்மை, ஃபைண்டரில் மட்டும் பிசகு என்றால் கவலையில்லை, அது திருகில் சரியாகும். ஃபைண்டரும் வளையமும் ஒத்துப்போகிறது, துண்டில்தான் மங்கல் என்றால் லென்ஸ் தவறாக உட்கார்ந்திருக்கிறது. அப்போது அந்த மங்கலுக்கு ஏற்ப ரேஞ்ச்ஃபைண்டர் திருகைத் திருப்பி ‘சரிசெய்கிற’ மெக்கானிக்குகள் இருக்கிறார்களே, அவர்களிடம் கேமராவைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரு மீட்டரில் ஒத்துப்போக வைப்பார்கள், தூரத்தில் போய்விடும். அதற்குப் பிறகு வருபவருக்கு எது மூலத்தவறு என்றே புரியாது.

லென்ஸ் கழற்றும் வகையென்றால் இரண்டு லென்ஸ் மாட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே பக்கம் பிசகினால் கோளாறு பாடியில்.

ஃபைண்டர் மங்கல் என்று உள்ளே துடைப்பது

வெளிக்கண்ணாடியைத் துடைக்கலாம். உள்ளே இருக்கும் பாதி பூசிய கண்ணாடியைத் துடைத்தால் பூச்சு துணியோடு வந்துவிடும், இரண்டாவது உருவம் போய்விடும்.

ஜோர்க்கி-4: ஷட்டரை ஏற்றாமல் வேகத்தைத் திருப்புவது

கூடாது. முதலில் ஏற்று, பிறகு திருப்பு. விற்பவரே மாற்றித் திருப்பினால் கேமராவைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

துணித் திரையை வெளிச்சத்தில் பார்ப்பது

ஃபெட், ஜோர்க்கியில் ஷட்டர் துணித் திரை; அதன் ஊசி ஓட்டைகள் இருட்டில்தான் தெரியும். லென்ஸைக் கழற்றி, இருட்டறையில் முன்னாலிருந்து டார்ச் அடித்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஷட்டரை ஏற்றும் முன் ஒருமுறை, ஏற்றிய பின் ஒருமுறை, திரை இரண்டல்லவா. ரேஞ்ச்ஃபைண்டரில் நடுவே மிரர் கிடையாது என்பதால், மூடி போடாமல் சூரியனைப் பார்த்து வைத்தால் லென்ஸே பூதக்கண்ணாடியாகித் துணியைப் பொசுக்கிவிடும். கேனன் 7-ல் திரை உலோகம். அதில் கசங்கல் இருந்தால் பயப்பட வேண்டாம், விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

தங்க நிற ‘லைக்கா’

லென்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். லைக்கா ஜெர்மன் கேமரா, போலியும் உண்டு: பாடிக்குள் லென்ஸின் ஃபோகஸைத் தொடும் கையின் நுனியில் உருளும் சக்கரம் இல்லாமல் சரிவான உலோகத் துண்டு இருந்தால் அது ஃபெட் அல்லது ஜோர்க்கி.

மீட்டருக்கு ஆல்கலைன் போடுவது

கேனொனெட் க்யூஎல்17-ன் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்தது. 1.5 வோல்ட் போட்டால் வெளிச்சத்தை அதிகமாகக் காட்டும், நெகட்டிவ் மெலிந்து வரும். காது மிஷினுக்குப் போடும் 675 எண் பேட்டரி 1.4 வோல்ட், ஒரு ரப்பர் வளையத்தோடு சரியாக உட்காரும். கொஞ்ச நாளில் தீர்ந்துவிடும், ஆனால் விலை கம்மி. கீவ்-4-ன் செலினியம் மீட்டருக்குப் பேட்டரியே கிடையாது. செத்திருந்தால் செத்ததுதான், போனில் ஒரு மீட்டர் ஆப் போட்டுக்கொள்ளுங்கள்.

கூடவே வந்த தோல் உறை

அழகாக இருக்கும். கேமராவை அதற்குள் வைத்துப் பூட்டாதீர்கள், கடலோர ஊர்களில் ஈரத்தை இழுத்துப் பூஞ்சை வளர்ப்பது அந்தத் தோல்தான்.