களைச்சாறு பயிர் விதையை என்ன செய்கிறது? வீட்டிலேயே ஒரு முளைப்புச் சோதனை

வட இந்தியாவில் அக்டோபர், நவம்பரில் விதைக்கப்படும் கோதுமை, கடுகு வயல்களில் சக்கரவர்த்திக் கீரையும், உழவர்கள் 'குல்லி டண்டா' என்றழைக்கும் பலாரிஸ் மைனர் புல்லும் குளிர் தொடங்கியவுடன் முளைக்கின்றன. கதிர் வரும்வரை கோதுமையைப் போலவே தோன்றும் அந்தப் புல், ஐசோபுரோட்டுரான் களைக்கொல்லிக்கு 1990களின் தொடக்கத்திலேயே எதிர்ப்புப் பெற்றுவிட்டது. களைகள் நீருக்கும் ஒளிக்கும் போட்டியிடுவதுடன், அவற்றுள் சில வேதிப்பொருள்களை வெளியிட்டு அண்டைச் செடியின் வளர்ச்சியையும் தடுக்கின்றன. இதற்கு 'அல்லெலோபதி' என்று 1937இல் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ் பெயரிட்டார்.

குளிர்காலமே இல்லாத சிங்கப்பூரில் அந்தக் களைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. பூங்காக்களில் செடி பறிக்கவும் கூடாது. தேக்காவின் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கோரைக்கிழங்குப் பொடியே போதும். கோரை வெப்பத்தை விரும்பும் களை என்றாலும், அதன் கிழங்கில் பிற செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடிய பீனால் சேர்மங்களும் செஸ்குவிடெர்ப்பீன்களும் இருப்பதால் சோதனை முறையைக் கற்க அது மிகவும் ஏற்றது. விதைக்குக் குளிர்காலப் பயிரான கடுகையே எடுத்துக்கொள்ளுங்கள். தாளிப்புக் கடுகு பழையதாக இருக்கக்கூடுமாதலால், பத்து விதைகளை முதலில் ஈரத்தாளில் வைத்து முளைக்கிறதா என்று பாருங்கள்.

முதலில், கொதிக்கவைத்து ஆறிய 100 மில்லிலிட்டர் நீரில் 5 கிராம் பொடியைக் கலந்து, 24 மணிநேரம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நம் வெப்பநிலையில் வெளியே வைத்தால் சாறு புளித்து, தடுத்தது கோரையா நுண்ணுயிரா என்று பிரித்தறிய இயலாமற்போகும்; இந்த ஒரு படியில் மட்டும் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பின்னர் துணியிலும் காப்பி வடிதாளிலும் வடிகட்டி, அதில் 25 மில்லிலிட்டரை 75 மில்லிலிட்டர் நீருடன் சேர்த்து நீர்த்த கரைசல் ஒன்றையும் தயாரியுங்கள்.

அடுத்து, ஒன்பது சிறு தட்டுகளில் சமையலறைத் தாளை இரண்டடுக்காக விரித்து, தட்டுக்குப் பத்து விதைகள் இடுங்கள். மூன்று தட்டுகளில் வெறும் நீர், மூன்றில் நீர்த்த சாறு, மூன்றில் முழுச்சாறு, ஒவ்வொன்றுக்கும் 5 மில்லிலிட்டர். வெறும் நீர்த் தட்டுகள் இல்லாமல் எந்த முடிவையும் நம்ப முடியாது. தாள் உலராமலும் கொசு முட்டையிடாமலும் இருக்கத் தட்டுகளை மூடி வையுங்கள்.

ஐந்தாம் நாள் முளைத்த விதைகளை எண்ணி, வேர் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்திடுங்கள். நீர்த் தட்டில் சராசரி 40, சாற்றுத் தட்டில் 28 என்றால் தடுப்பு 30 விழுக்காடு. முழுச்சாறு மட்டும் தடுத்தால், அதில் கரைந்த பொருள்கள் விதைக்குள் நீர் புகுவதைக் குறைத்ததுகூடக் காரணமாகலாம். நீர்த்த சாறும் தெளிவாகத் தடுத்தால்தான் வேதித் தடுப்பு என்னும் ஐயம் வலுக்கிறது.

வயலில் இச்சேர்மங்களை மண்துகள் பற்றிக்கொள்வதும் நுண்ணுயிர்கள் சிதைப்பதும் உண்டு; ஆகவே அடுத்த முறை தாளுக்குப் பதிலாகத் தொட்டி மண்ணில் இதே சோதனையைச் செய்து, இரு அளவுகளையும் அருகருகே எழுதி வையுங்கள்.