ஊருணித் தண்ணீரில் பாரமீசியம்: புது உயிரியல் ஆசிரியருக்கு ஒரு பத்து நாள் வேலை

புதிதாக உயிரியல் எடுக்க வருகிறவர்கள் லேபில் முதலில் தோற்பது பெரும்பாலும் பாரமீசியம் என்ற ஒரு செல் நுண்ணுயிரிடம்தான். காலையில் ஒரு பாட்டில் குளத்துத் தண்ணீரோடு வந்து, பதினொரு மணிக்கு நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஸ்லைடு போட்டால் ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் "அதோ பார்" என்பதற்குள் ஓடிவிடும். இது பத்து நாளுக்கு முன்பே தொடங்க வேண்டிய வகுப்பு. செலவு ஏறக்குறைய இல்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஊருணியும் வைக்கோலும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன.

முதல் நாள்: வைக்கோல் தண்ணீர்

மருந்து அடிக்காத வயலின் வைக்கோலாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு கைப்பிடியை விரல் நீளத்துக்கு நறுக்கி, 1 லிட்டர் தண்ணீரில் போட்டு 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். குழாயில் குளோரின் கலந்த தண்ணீர் வந்தால் முந்தைய நாளே வாளியில் பிடித்துத் திறந்து வைத்துவிட வேண்டும். மழைத் தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது. செட்டிநாட்டு வீடுகளில் வளவு முற்றத்துக் கூரைத் தண்ணீரைப் பாத்திரத்தில் பிடித்து வைக்கும் பழக்கம் உண்டு, கேட்டால் ஒரு சொம்பு கொடுப்பார்கள்.

ஆறியதும் வாயகன்ற பாட்டிலில் ஊற்றி, மெல்லிய துணியால் மூடி, நேர் வெயில் படாத இடத்தில் 2 நாள் வையுங்கள். கொதிக்க வைத்தாலும் வைக்கோலில் உள்ள பேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்களின் வித்துகள் சாவதில்லை. அவை முளைத்துப் பெருகித் தண்ணீர் கலங்கும். அந்தக் கலங்கல்தான் பாரமீசியத்துக்குச் சாப்பாடு.

மூன்றாம் நாள்: ஊருணிக்குப் போவது

எந்த ஊருணி என்பது முக்கியம். குடிதண்ணீர் ஊருணியைத் தொடாதீர்கள். முதல் வருடம் விவரம் தெரியாமல் செருப்புக் காலோடு படியில் இறங்கி, "ஏம்ப்பா, வாத்தியாருன்னு சொல்ற, குடிக்கிற தண்ணிய இப்படியா கலக்குவ?" என்று ஒரு ஆச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். திட்டு ஒரு பக்கம் இருக்கட்டும், சுத்தமாகக் காக்கப்படும் தண்ணீரில் நமக்கு வேண்டியதும் குறைவாகத்தான் இருக்கும். ஆள் புழக்கம் குறைந்து, அல்லியும் பாசியும் படர்ந்த ஊருணியைத் தேடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அப்புறம் வேண்டிய மட்டும் கிடைக்கும்.

நடுத் தண்ணீர் வேண்டாம். கரையோரம் அழுகும் இலை, அல்லித் தண்டில் வழுவழுப்பாகப் படிந்திருப்பது, ஒரு பிடி பாசி, இவற்றோடு அரை பாட்டில் தண்ணீர் போதும். பாட்டிலை நிரப்பி இறுக்கி மூடிவிடாதீர்கள். நான் ஒரு வெள்ளிக்கிழமை அப்படி மூடி வைத்துவிட்டுத் திங்கள்கிழமை திறந்தேன். உயிர் எதுவும் மிஞ்சவில்லை, நாற்றம்தான் மிஞ்சியது. பாதி காலியாக விட்டால் உள்ளே காற்று இருக்கும்.

பிள்ளைகளைத் தனியாக அனுப்பக் கூடாது. கூட்டிப் போனாலும் யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

அன்றைக்கே இந்தத் தண்ணீரில் ஒரு தம்ளர், ஓரிரண்டு அழுகல் இலையோடு, வைக்கோல் பாட்டிலில் சேர்த்துவிடுங்கள். இதைத் தவிர்த்து வெறும் வைக்கோலை ஊறப்போட்டாலும் ஏதாவது நீந்தும். ஆனால் அது பெரும்பாலும் சிறுநீரக வடிவில் இருக்கும் கோல்போடா என்ற வேறொரு நுண்ணுயிர். உலர்ந்த வைக்கோலில் கூடு கட்டிக் கிடந்து பிழைப்பது அது. அதைப் பாரமீசியம் என்று எழுதிய ரெக்கார்டு நோட்டுகளில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பத்தாம் நாள்: வகுப்பு

ஒரு வாரம் போனால் பாட்டில் விளிம்பை ஒட்டி வெண்மையாகப் புகை போலத் தெரியும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் அதில் பொடிப்பொடியாக அசைவு இருக்கும். பாரமீசியம் மேல் நோக்கி நீந்தக்கூடியது. வகுப்புக்கு அரை மணி முன்னால் தண்ணீரைச் சோதனைக் குழாய்களில் ஊற்றி நிறுத்தி வையுங்கள், கூட்டம் மேலே வந்துவிடும். மேல்மட்டத்தில் டிராப்பரால் ஒரு சொட்டு எடுத்தால் போதும். வாயால் உறிஞ்சி எடுப்பது கூடவே கூடாது.

ஸ்லைடில் முதலில் நாலைந்து பஞ்சு இழைகளைப் பிரித்துப் போடுங்கள். அதன்மேல் சொட்டு, அப்புறம் கவர் ஸ்லிப்பை ஒரு ஓரமாகச் சாய்த்து மெல்ல இறக்க வேண்டும். பஞ்சு இழைகள் வேலி மாதிரி. அதற்குள் மாட்டிக்கொண்டது ஓட முடியாமல் முட்டித் திரும்பும், அப்போதுதான் பார்க்க முடியும். எவ்வளவோ மருந்துகள் சொல்கிறார்கள், எனக்கு இந்தப் பஞ்சுதான் ஒருநாளும் கைவிடாதது.

கண்ணாடி வைத்த பழைய மைக்ராஸ்கோப் என்றால் ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்புங்கள். நேர் சூரியனுக்குத் திருப்பினால் கண் போய்விடும். 10 எக்ஸ் அப்ஜெக்டிவில் தொடங்கி, நடுவில் கொண்டுவந்த பிறகே 40 எக்ஸ். எல்லாரும் வெளிச்சத்தைக் கூட்டத்தான் பார்ப்பார்கள், ஆனால் கண்ணாடி போன்ற உடம்பு குறைந்த வெளிச்சத்தில்தான் தெளியும். கறுத்த தடித்த விளிம்போடு அசையாமல் இருக்கும் வட்டங்கள் காற்றுக் குமிழ்கள். "சார், அமீபா!" என்று வருடம் தவறாமல் ஒரு குரல் கேட்கும்.

பார்த்ததும் படம் வரையச் சொல்லாதீர்கள், அளக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் ஸ்கேலை 10 எக்ஸின் கீழ் வைத்தால், கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் குறுக்களவு தெரியும். எங்கள் கருவியில் அது சுமார் 1.8 மி.மீ., அதாவது 1800 மைக்ரோமீட்டர். வட்டத்தின் குறுக்கே எத்தனை பாரமீசியத்தை வரிசையாக நிறுத்தலாம் என்று கேளுங்கள். எட்டு என்று ஒரு பெண் சொன்னால் நீளம் 225 மைக்ரோமீட்டர். பாரமீசியம் காடேட்டம் என்ற இனம் சுமார் 170 முதல் 300 வரை இருக்கும், ஆக அவள் கணக்கு சரி. 40 எக்ஸுக்கு மாறினால் வட்டத்தின் குறுக்களவு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கி 450 ஆகிவிடும். இந்த ஒரு வகுத்தலுக்குப் பிறகு மைக்ரோமீட்டர் என்பது அவர்களுக்கு வெறும் சொல்லாக இருக்காது.

கல்லூரி மாணவர்கள் என்றால் இன்னொன்று. உடலின் இரு முனைப் பக்கமும், உள்ளே சேரும் தண்ணீரை வெளியேற்றும் சுருங்கும் குமிழி ஒவ்வொன்று உண்டு. நட்சத்திரம் போலக் கால்வாய்கள் நிறையும், பிறகு குமிழி சட்டென்று சுருங்கி மறையும். செல்போன் ஸ்டாப்வாட்ச்சில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை என்று எண்ணட்டும். பிறகு 100 மி.லி.க்கு கால் கிராம் உப்புக் கரைத்த தண்ணீரில் ஒரு சொட்டைக் கவர் ஸ்லிப் ஓரத்தில் விட்டு, மறு ஓரத்தில் வடிதாளால் உறிஞ்சி, சற்றுப் பொறுத்து மறுபடி எண்ணட்டும். துடிப்பு குறையும். ஏன் என்று நீங்கள் சொல்லாதீர்கள். வெளியே உப்பு ஏறினால் உள்ளே வரும் தண்ணீர் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுங்கள்.

முடிந்ததும் எல்லாரும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், மேசையையும் துடைத்துவிட வேண்டும். பாட்டிலைக் கொட்டிவிடாதீர்கள். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதிதாக வைக்கோல் கொதிக்க வைத்து, ஆறவிட்டு 2 நாள் கழித்து, பழைய பாட்டிலிலிருந்து அரைத் தம்ளர் ஊற்றி வந்தால், சித்திரையில் ஊருணி வற்றிக் கிடந்தாலும் லேபில் பாரமீசியம் இருக்கும்.