பெரியவர்கள் விழாமல் இருக்க வீட்டில் என்ன செய்யலாம்? விழுந்துவிட்டால் 108-இல் என்ன சொல்ல வேண்டும்?

திருநெல்வேலி டவுனில் அம்மா தனியாக இருக்கும் வீட்டில் நாங்கள் செய்த ஏற்பாடுகள் இவை. தார்சா (முன்பகுதி), பட்டாசல் (கூடம்), அடுப்படி என்று நீளமாகப் போய் புறவாசலில் பாத்ரூம் இருக்கிற பழைய வீடு.

1. ராத்திரி லைட்டைப் போடாமல் கட்டிலில் இருந்து பாத்ரூம் வரை நீங்களே நடந்து பாருங்கள். எது இடறுகிறதோ அதை அகற்றுங்கள். ஆள் நடந்தால் தானே எரிகிற சென்சார் பல்பு மாட்டுங்கள். வாசல்படி விளிம்பில் மஞ்சள் பெயிண்ட், தண்ணீர் புழங்குகிற அங்கணத்துப் பாசிக்கு பிளீச்சிங் பவுடர். எழுந்ததும் நடக்க விடாதீர்கள். சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டு எழட்டும்.

2. பாத்ரூமில் கைப்பிடி. டைல்ஸில் ஒட்டுகிற ரப்பர் கப் வகையை வாங்கவே வாங்காதீர்கள், பிடித்த கையோடு வந்துவிடும். துண்டு போடுகிற கம்பியும் ஆள் பாரம் தாங்காது. ஸ்டீல் கைப்பிடிதான், அதுவும் ஸ்க்ரூ செங்கல் வரை இறங்க வேண்டும். கையோடு உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியில் இருந்தும் திறக்கிற பூட்டு போடுங்கள்.

3. 108. எங்களைத் திணறடித்தது இதுதான். போனை எடுப்பவர் சென்னையில் இருக்கிறார். "டவுன், வாகையடி முக்கு பக்கம்" என்றால் நம்மூர் ஆட்டோக்காரருக்குப் போதும், அவருக்குப் போதாது. பதற்றத்தில் நமக்கும் வாய் குழறும். அதனால் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டினோம்: மாவட்டம் திருநெல்வேலி, ஊர் திருநெல்வேலி டவுன், தெரு, கதவு எண், அடையாளம், வயது, சாப்பிடும் மாத்திரைகள். கடைசி வரியில் 'வண்டி சந்துக்குள் வராது, முக்கில் ஆள் நிற்கும்'. அந்த ஆள் யார் என்று பக்கத்து வீட்டில் முன்கூட்டியே பேசி, ஒரு சாவியும் கொடுத்து வையுங்கள். கண்டுபிடிக்க முடியாத பூட்டிய வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்து என்ன பிரயோஜனம்?

4. விழுந்தவரை உடனே கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். இடுப்பில் வலி, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ ஸ்கேன் இருக்கிற வேறு ஆஸ்பத்திரிக்கோ போயே ஆக வேண்டும். அடி எதுவும் இல்லை என்றால் ஒருக்களித்து, முட்டி போட்டு, நாற்காலியைப் பிடித்து அவரே எழட்டும். நீங்கள் நாற்காலியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: பட்டன் போனில் என்ன செய்வது என்று கமெண்டில் கேட்டிருந்தார்கள். 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் 112 என்கிற அவசர உதவி எண்ணுக்குப் போக வேண்டும் என்பது விதி. பழைய செட்டில் போகாது. அதில் ஸ்பீடு டயலில் பக்கத்து வீட்டு நம்பரைப் போட்டு, போனைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிவிடுங்கள். அலமாரியில் இருக்கிற போன் தரையில் கிடக்கிறவருக்கு எட்டாது.