தலைவர் போட்டோ போட்ட லிங்க் வந்தா என்ன பண்ணணும்

எங்க பெரியப்பாவுக்கு ‘பேங்க்ல இருந்து பேசுறேன் சார்’னு எவனாவது போன் பண்ணா போதும், அவன் ஊரு பேரெல்லாம் கேட்டு திட்டிட்டுதான் வைப்பாரு, அவ்ளோ உஷார். அதே மனுஷன் போன எலக்‌ஷன் சமயத்துல அவரோட தலைவர் படம் போட்டு ஃப்ரீ ரீசார்ஜ்னு வந்த லிங்க்கை அமுக்குனது மட்டுமில்லாம குடும்ப குரூப், கட்சி குரூப், வாக்கிங் குரூப்னு எல்லாத்துக்கும் தட்டி விட்டுட்டாரு. கேட்டா ‘நம்மாளு செய்வாருடா’ங்கறாரு. திருடன் இந்த ‘நம்மாளு’வைத்தான் கடன் வாங்கிக்கிறான்.

எந்த கட்சின்னு கேக்காதீங்க, அது முக்கியமே இல்ல. 2024 தேர்தலுக்கு முன்னாடி மோடி 28 நாளைக்கு 239 ரூபா ரீசார்ஜ் ஃப்ரீயா தர்றாருன்னு ஒண்ணு சுத்துச்சு, காங்கிரஸ் பேர்லயும் அதே மாதிரி ரீசார்ஜ் மெசேஜ் வந்துச்சு, ரெண்டும் டுபாக்கூர். அமெரிக்காவுல 2016 தேர்தல்ல ஒரே கும்பல் டிரம்ப் ஆளுங்ககிட்ட ஒரு பேர்லயும் ஹிலாரி ஆளுங்ககிட்ட இன்னொரு பேர்லயும் நன்கொடை வாங்கி மொத்தம் 35 லட்சம் டாலர் தேத்துச்சு, அதுல உண்மையா அரசியல் பக்கம் போனது வெறும் 19 டாலர்னு அந்த ஊரு அரசாங்கமே கேஸ்ல சொல்லியிருக்கு. 19 டாலர், நம்ம ஊர்ல நாலு பேரு பிரியாணி சாப்பிடலாம்.

அதனால மெசேஜ் வந்ததும் மொதல்ல இதப் பண்ணுங்க: இதே மெசேஜ் உங்களுக்கு சுத்தமா புடிக்காத தலைவர் படத்தோட வந்திருந்தா தொட்டிருப்பீங்களான்னு யோசிங்க. ‘ஃப்ராடு பய’ன்னு டெலீட் பண்ணியிருப்பீங்கன்னா இதையும் பண்ணுங்க.

ரீசார்ஜ் லிங்க்ல என்ன நடக்குதுன்னா, நம்பர் போட சொல்லுவான், அப்புறம் பத்து பேருக்கு ஷேர் பண்ணாதான் ரீசார்ஜ் ஏறும்பான், கீழ ‘எனக்கு கெடச்சிருச்சு நன்றி’ன்னு அவனே கமெண்ட் போட்டு வச்சிருப்பான். கடைசியில விளம்பரத்துக்கு போனா உங்க நல்ல நேரம், ஏபிகே ஃபைல் (பிளே ஸ்டோர் இல்லாம நேரா ஆப் ஏத்தற ஃபைல்) இறங்குனா தொடாதீங்க, அத இன்ஸ்டால் பண்ணி பர்மிஷன் குடுத்தா உங்களுக்கு வர்ற ஓடிபி எல்லாம் அவனுக்கும் போகும்.

நன்கொடை விஷயம் இன்னும் மோசம், ஏன்னா அதுல நாமளே விரும்பி குடுக்கறோம். 2020 மார்ச்ல பிரதமர் பேர்ல கொரோனாவுக்கு பிஎம் கேர்ஸ் நிதி ஆரம்பிச்ச சில நாள்லயே அதோட யூபிஐ ஐடில இருக்கற ‘கேர்ஸ்’ல கடைசி ‘எஸ்’ஸ மட்டும் தூக்கிட்டு ஒருத்தன் போலி ஐடி போட்டான், யாரு அந்த ஒரு எழுத்தை பாக்கப்போறா? 2023 டிசம்பர்ல காங்கிரஸ் ‘டொனேட் ஃபார் தேஷ்’னு வசூல் ஆரம்பிச்சப்போ அந்த பேர்லயே இருந்த ஒரு வெப்சைட்டை தொறந்தா பாஜக நன்கொடை பக்கத்துக்கு போச்சு, காங்கிரஸ்காரங்க அந்த பேரை முன்கூட்டியே வாங்கி வைக்கல. அது திருட்டு இல்ல, குறும்பு, ஆனா பேரை பாத்து நம்பக்கூடாதுன்னு புரிஞ்சிருச்சுல்ல. கட்சிக்கு குடுக்கணும்னா கட்சி ஆபீஸுக்கே போங்க, இல்ல அட்ரஸை நீங்களே டைப் பண்ணி உள்ள போங்க. க்யூஆர் ஸ்கேன் பண்ணா பின் நம்பர் போடறதுக்கு முன்னாடி யாரு அக்கவுண்ட்னு பேரு வரும், அங்க கட்சி பேரு இல்லாம எவனோ ஒரு தனி ஆளு பேரு வந்தா அப்படியே வெளிய வந்துருங்க. 2,000 ரூபாய்க்கு மேல கேஷா வாங்குனா கட்சிக்கு வரிவிலக்கு போயிடும், அதனால அம்பதாயிரம் கேஷா குடுண்ணேன்னு ரசீது இல்லாம கேக்கறவன் கட்சிக்கு கேக்கல.

அப்புறம் தலைவரே பேசற வீடியோ. நிர்மலா சீதாராமன் இருபதாயிரத்து சொச்சம் போட்டா கொட்டும்னு சொல்ற மாதிரி ஏஐல செஞ்ச வீடியோ வந்து, பொய்னு மத்திய அரசோட செய்தித் துறையான பிஐபி சொல்ல வேண்டியதாச்சு. எந்த அமைச்சரும் உங்களுக்கு ஷேர் டிப்ஸ் குடுக்க மாட்டாரு. தேர்தல்ல நிக்க சீட்டு, வாரியப் பதவி வாங்கித் தரேன்னு அட்வான்ஸ் கேக்கறவனும் இதே ஜாதிதான்.

இப்போ கஷ்டமான வேலை, வீட்டு பெரியவங்ககிட்ட சொல்றது. நான் ‘உங்காளே ஃப்ராடு’ன்னு ஆரம்பிச்சேன், பெரியப்பா மூணு நாள் பேசல. அப்புறம் ‘பெரியப்பா, எவனோ தலைவர் பேரை கெடுக்கறான், நீங்களே கட்சி குரூப்ல எச்சரிக்கை போடுங்க’ன்னேன், உடனே போட்டாரு, முழுசா கேப்பிடல் லெட்டர்ல.

பணம் போயிடுச்சுன்னா மானம் போச்சேன்னு மறைக்காதீங்க, கட்சிக்கு கெட்ட பேரு வரும்னு சும்மா இருக்கறவங்கள நான் பாத்திருக்கேன். உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிங்க, எவ்ளோ சீக்கிரம் சொல்றீங்களோ அவன் எடுக்கறதுக்குள்ள அந்த பணத்தை நிறுத்தி வைக்க அவ்ளோ சான்ஸ் இருக்கு. ஏபிகே போட்டிருந்தா நெட்டை ஆஃப் பண்ணிட்டு வேற போன்ல இருந்து பேங்க்குக்கு பேசுங்க. யூடிஆர் நம்பர் (பணம் அனுப்புனதுக்கு வர்ற பரிவர்த்தனை எண்), ஸ்கிரீன்ஷாட், அந்த மெசேஜ் எதையும் அழிக்காம சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல புகார் போடுங்க. லிங்க்கை எந்த குரூப்புக்கெல்லாம் அனுப்புனீங்களோ அங்க போய் ‘தொடாதீங்க’ன்னு ஒரு வரி எழுதிடுங்க. வாக்கிங் குரூப்ல மட்டும் பெரியப்பா இன்னும் எழுதல, அங்க எதிர்க்கட்சிக்காரர் ஒருத்தர் இருக்காராம்.