வாயிற்காவலரை மயக்குவது எப்படி? டி அண்ட் டி-யில் சத்தமில்லாத வசியம்

ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆட்டத்துக்குப் புதிதாக வருபவர்கள், எதிரில் ஒரு காவலர் நின்றால் உடனே "சார்ம் பெர்சன் போடுகிறேன்" என்று ஒரு வசிய மந்திரத்தின் பெயரைச் சொல்வார்கள். பகடை சாதகமாக விழும், காவலர் வழிவிடுவார். ஒரு மணி நேரம் கழித்து மந்திரம் முடியும்போது, தன்னை மயக்கியது யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். விதியே அப்படித்தான். அப்புறம் கோட்டை முழுக்கத் தேடுவார்கள்.

வசியத்தில் பெரும்பகுதி, மந்திரத்துக்கு முன்னால் நடக்கும் பேச்சில் இருக்கிறது. இங்கே சொல்வதெல்லாம் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி. 2024 பதிப்பில் சில மந்திரங்களின் வரிகள் மாறியிருக்கின்றன. அதில் ஆடுபவர்கள் ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் மேசையில் கேளுங்கள்

பிறர் மனதை ஆட்டிவைப்பது எல்லோருக்கும் பிடிக்கும் விஷயமல்ல. எதுவரை போகலாம் என்று முதல் நாளே, கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டரிடமும் கூட ஆடுபவர்களிடமும் பேசிவிடுங்கள். சக ஆட்டக்காரரின் கேரக்டர் மேல் அவரைக் கேட்காமல் வசியம் போடவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

படி 2: காட்டிக்கொடுக்காத மந்திரமாக எடுங்கள்

'ஃப்ரெண்ட்ஸ்' என்ற பெயரைப் பார்த்து நானும் ஆரம்பத்தில் அதைத்தான் எடுத்தேன். முகத்தில் கொஞ்சம் ஒப்பனை பூசிப் போடும் சின்ன மந்திரம். அதிகபட்சம் ஒரு நிமிடம் நிற்கும். முடிந்த நொடியில் எதிராளிக்கு விஷயம் புரிந்து பகையாகிவிடுவார். ஒரு குதிரை வியாபாரியிடம் விலை பேசி முடிப்பதற்குள் அந்த நிமிடம் தீர்ந்துபோனது. அந்த ஊர்ச் சந்தைக்குள் எங்கள் குழு மறுபடி நுழையவே முடியவில்லை.

எனக்குப் பிடித்தது 'சஜெஷன்'. இரண்டாம் நிலை மந்திரம். ஓரிரு வாக்கியத்தில், கேட்க நியாயமாகத் தோன்றும் ஒரு செயலைச் சொல்ல வேண்டும். கவனம் சிதறாமல் பிடித்துக்கொண்டால் 8 மணி நேரம் வரை நிற்கும், சொன்ன வேலை அதற்குள் முடிந்தால் மந்திரமும் முடிந்துவிடும். முடிந்தபின் அவருக்குத் தெரியவரும் என்று விதியில் எங்கும் இல்லை.

படி 3: அவருக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடியுங்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இது. மழை இரவு, கோட்டை வாசலில் ஒரு காவலர். அவர் எப்படி நிற்கிறார் என்று டன்ஜன் மாஸ்டரிடம் கேளுங்கள். "இடது காலில் பாரம் போடாமல் நிற்கிறார், பூட்ஸ் நனைந்திருக்கிறது" என்று பதில் வரலாம். "எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?" என்று பேச்சுக் கொடுங்கள். மாற்று ஆள் இன்னும் வரவில்லை என்று புலம்புவார். உங்களுக்குத் தேவையானது கிடைத்துவிட்டது.

பேச்சில் சிக்காவிட்டால் 'டிடெக்ட் தாட்ஸ்' இருக்கிறது. மேலோட்டமான எண்ணங்களைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆழமாகத் துருவினால் அவருக்குத் தெரிந்துவிடும்.

இப்போது சஜெஷன். "கதவைத் திற, எங்களை உள்ளே விடு" என்பது கட்டளை. "உள்ளே போய் அடுப்புப் பக்கத்தில் பூட்ஸைக் காயவைத்துவிட்டு, உங்கள் மாற்று ஆளைக் கையோடு கூட்டி வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் ஏற்கெனவே செய்ய நினைத்ததுதான். பிறகு யோசித்தாலும் தன் முடிவென்றே நினைப்பார்.

படி 4: போடுவதை மறையுங்கள்

நிறையப் பேர் தவறவிடும் இடம் இது. சஜெஷனில் நீங்கள் சொல்லும் யோசனை வேறு, மந்திரச் சொல் வேறு. அந்தச் சொல்லைக் காதில் விழும்படி உச்சரித்தே ஆக வேண்டும். கூட்டாளி ஒருவர் பக்கத்தில் சண்டை பிடித்துச் சத்தம் கிளப்பலாம். அது எடுபடுமா என்பது டன்ஜன் மாஸ்டர் முடிவு. உறுதியான வழி, சார்சரர் என்ற மந்திரவாதி வகைக்கு மூன்றாம் லெவலில் கிடைக்கும் 'சட்டில் ஸ்பெல்' என்ற உத்தி. அவருக்கென்று உள்ள புள்ளிகளில் ஒன்றை (சார்சரி பாயிண்ட்) செலவழித்தால் உச்சரிப்பும் கையசைவும் வேண்டாம். மந்திரத்துக்கு உரிய பொருள் மட்டும் தேவைப்படும், அதனால் ஒரு கை பையில் இருக்கட்டும். மழையில் பைக்குள் கைவிட்டு நிற்பவரை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

படி 5: கணக்கைப் பார்த்துவிடுங்கள்

மூன்றாம் லெவல், கரிஸ்மா (ஆளைக் கவரும் திறன்) 16 என்றால், எதிராளி தப்பிக்க எட்ட வேண்டிய எண் 8 + 2 (லெவலுக்கு) + 3 (கரிஸ்மாவுக்கு) = 13. சாதாரணக் காவலரின் விஸ்டத்துக்காக (மனத்தெளிவு) பகடையோடு கூட்டுவது 0. இருபது முகப் பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அவர் தப்பிப்பார், அதாவது 100-க்கு 40 தடவை. அது குறைவான வாய்ப்பில்லை. ஆனால் சட்டில் ஸ்பெல்லில் போட்டு அது பலிக்காமல் போனாலும், கண்ணுக்குத் தெரியும் விளைவு எதுவும் இல்லாததால், தன் மேல் மந்திரம் வந்ததே அவருக்குத் தெரியாமல் போகலாம். அவரைப் பொறுத்தவரை மழையில் நின்ற ஒருவர் அக்கறையாக நாலு வார்த்தை பேசினார், அவ்வளவுதான்.

பலித்தால், அவர் திரும்பி வருவதற்குள் நீங்கள் உள்ளே இருக்க வேண்டும். அவர் நொண்டிக்கொண்டே சமையலறைப் பக்கம் போகும்போது, கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று டன்ஜன் மாஸ்டரிடம் கேளுங்கள்.