துகள் சிமுலேஷன்: எளிமைப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அணுக்கள், மூலக்கூறுகளின் நகர்வைக் கணினியில் சிறு சிறு நேரப் படிகளாகக் கணக்கிடுவதுதான் துகள் சிமுலேஷன். அதற்கு ஒவ்வொரு இணைத் துகள்களுக்கும் இடையிலான விசை தெரியவேண்டும். ஒரு லட்சம் துகள்கள் என்றால் சுமார் 500 கோடி இணைகள். ஒவ்வொரு படியிலும் அத்தனையையும் கணக்கிட முடியாது. எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். எதை விடுவது என்பதில்தான் புதிதாக வருபவர்கள், எங்கள் தலைமுறை இடறிய அதே இடங்களில் இடறுகிறார்கள். அலகுக் குழப்பம் போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை தாமே காட்டிக்கொடுத்துவிடும்.

மின் விசையை வெட்டுவது

லெனார்ட்-ஜோன்ஸ் ஆற்றல் (மின்னூட்டம் இல்லாவிட்டாலும் இரு துகள்களுக்கு இடையே இருக்கும் ஈர்ப்பு-விலக்கத்தின் ஆற்றல்), துகளின் விட்டத்தைப் போல் 2.5 மடங்கு தொலைவில் அதன் ஆழத்தில், அதாவது ஈர்ப்பு மிக வலுவாக இருக்கும் இடத்தின் அளவில், 60-இல் ஒரு பங்குதான் இருக்கும். அங்கே வெட்டிவிட்டு, அதாவது அதைவிடத் தொலைவில் உள்ள இணைகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டு, எச்சத்துக்கு ஒரு திருத்தம் சேர்க்கலாம். அந்தத் துணிச்சலில் மின்னூட்டங்களையும் அதே தொலைவில் வெட்டிவிடுகிறார்கள். மின் விசை தொலைவின் வர்க்கத்தில் குறைகிறது. அந்தத் தொலைவில் சுற்றியுள்ள துகள்களின் எண்ணிக்கையோ அதே வர்க்கத்தில் கூடுகிறது. ஆகவே தூரத்தில் இருப்பவற்றை அற்பம் என்று தள்ள முடியாது.

ஒரு மாணவர் உப்புநீர் சிமுலேஷன் முடிவுகளோடு வந்தார். குளோரைடு அயனிகளுக்கு இடையிலான தொலைவுப் பரவலில், 1 நானோமீட்டரில் அழகான ஒரு மேடு. எதிர்மின் அயனிகள் ஒன்றையொன்று நாடுவதைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பூரித்துப்போயிருந்தார். வெட்டுத் தொலைவு எவ்வளவு என்று கேட்டேன். 1 நானோமீட்டர். அதை 1.2 ஆக்கி ஓட்டச் சொன்னேன், மேடும் 1.2-க்கு நகர்ந்தது. எல்லைக்குள் வந்தால் தள்ளுவிசை, வெளியே போனால் ஒன்றுமில்லை. அயனிகள் எல்லையோரம் போய் ஒதுங்கியதில் என்ன வியப்பு? வாரக்கணக்கான கணினி நேரம் பாழ்.

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது வேறு. தொலைதூர மின் விசையையும் வெட்டாமல் கணக்கிடும் எவால்ட் கூட்டல் முறை 1921-இலேயே வந்துவிட்டது. கட்டவலையைப் பயன்படுத்தும் அதன் வேகமான வடிவம் 1993-இல் வெளியானது. இப்போது மென்பொருளில் அதற்கு ஒரு வரி எழுதினால் போதும். அப்படியிருந்தும், "சார், அது மெதுவாக ஓடும்" என்கிறார்கள்.

தெர்மோஸ்டாட்டை முதலிலேயே போடுவது

வெட்டிய எல்லையில் விசை திடீரென்று துள்ளுவதால் மொத்த ஆற்றல் மெல்ல ஏறும். சிமுலேஷனின் வெப்பநிலையை ஒரே அளவில் பிடித்துவைக்கும் பகுதியான தெர்மோஸ்டாட் அந்த வெப்பத்தை உறிஞ்சிவிடும். வெப்பநிலைக் கோடு சாதுவாகத் தெரியும், பிழை மறைந்துவிடும். முதலில் தெர்மோஸ்டாட்டை அணைத்துவிட்டு ஓட்டி, மொத்த ஆற்றலைப் பாருங்கள்.

நேரப்படி

ஹைட்ரஜன் அணுவைத் தொடும் பிணைப்புகளின் நீளத்தைப் பூட்டாமல் ஒரு படியின் நீளத்தை 2 ஃபெம்டோ விநாடி என்று வைக்காதீர்கள். அந்தப் பிணைப்புகள் அதற்கு மிக வேகமாக அதிர்பவை.

பெட்டி

துகள்கள் இருக்கும் பெட்டி எல்லாப் பக்கமும் திரும்பத் திரும்ப வருவதாகக் கொள்கிறோம். ஆகவே வெட்டுத் தொலைவு பெட்டியின் பக்கத்தில் பாதியைத் தாண்டக் கூடாது; தாண்டினால் ஒரே துகளை இருமுறை எண்ணிவிடுவோம்.

திரட்டிய மணிகளின் நேரம்

பல அணுக்களைத் திரட்டி, மணி எனப்படும் ஒரே உருண்டையாகக் கணக்கிடும் மார்ட்டினி மாதிரியில் நான்கு நீர் மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு மணி. நுண்விவரங்களோடு உராய்வும் குறைவதால் எல்லாம் வேகமாக நகரும். நீரின் பரவல் வேகத்தை ஒப்பிட்டு, சிமுலேஷன் காட்டும் நேரத்தை 4-ஆல் பெருக்குவது வழக்கம். கொழுப்புப் படலத்துக்கும் புரதத்துக்கும் அதே 4 சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முடிவை எழுதும்போது, உங்கள் மைக்ரோ விநாடி பெருக்கியதா, பெருக்காததா என்பதையாவது குறிப்பிடுங்கள்.