காரணம் என்று சொல்லப்படுவது காரணம்தானா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு டியூஷன் நிலையம், தன்னிடம் பயின்றவர்கள் மலேசியாவின் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் சிறந்த தேர்ச்சி பெற்றதாக விளம்பரம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஏற்பதற்கு முன், அங்கே சேராதவர்கள் எப்படித் தேறினார்கள் என்று கேளுங்கள். முன்பே நன்றாகப் படிப்பவர்களைத்தான் அந்நிலையம் சேர்த்துக்கொள்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் மழுப்பலான பதிலே வரும்.

ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததாலேயே முன்னது காரணமாகிவிடாது என்பதைக் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக நாம் அறிவோம். அதைவிட ஏமாற்றக்கூடியது, இரண்டுக்கும் பின்னால் மூன்றாவது ஒன்று மறைந்திருப்பது. சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றே மலேரியாவைத் தருகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். நாற்றமும் காய்ச்சலும் சேர்ந்தே காணப்பட்டதால் அந்த வாதம் வலுவாகவே தோன்றியது. ஆனால் நாற்றத்துக்கும் கொசுவுக்கும் தேங்கிய நீரே பொது மூலம். 1897-இல் ரொனால்ட் ராஸ் கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1901-இல் மலாயாவின் கிள்ளான் நகரில் பொறுப்பேற்ற மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்புகளை வடியவைத்தபோது காய்ச்சல் குறைந்தது.

இங்கே சற்று நிதானியுங்கள்: நீரை வடித்தால் நாற்றமும் போய்விடும் என்பதால், காய்ச்சல் குறைந்தது மட்டும் எந்த விளக்கம் சரி என்று காட்டாது. இரு விளக்கங்களும் வெவ்வேறு முடிவைச் சொல்லும் சோதனையைத் தேட வேண்டும். 1900-இல் ரோம் நகருக்கு அருகிலிருந்த சதுப்பு நிலத்தில், கொசு புகாத குடிலில் தங்கிய சம்பான், லோ என்னும் மருத்துவர்கள், அதே காற்றைச் சுவாசித்தும் மலேரியா இன்றி இருந்தார்கள்.